சுவரில் சாய்ந்து காலைப் பலமாக்குவது எப்படி: வால் ஸ்குவாட், முழுமையான வழிகாட்டி

வால் ஸ்குவாட் செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால் உடனே வரும் கேள்வி, "எத்தனை நிமிஷம் நிக்கிற?" என்பதுதான். அந்தக் கேள்வியில்தான் பாதிப் பேர் கெட்டுப்போகிறார்கள். வீடியோவில் யாரோ மூன்று நிமிஷம் அசையாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, முதல் நாளே நாற்காலி உயரத்துக்கு இறங்கி, பல்லைக் கடித்து மூச்சை அடக்கி நிற்பார்கள். மறுநாள் மாடிப்படி இறங்கக் கைப்பிடியைப் பிடிப்பார்கள், மூன்றாம் நாள் "எனக்கு இது ஒத்துக்கலப்பா" என்று விட்டுவிடுவார்கள். நிமிஷம் அப்புறம். எவ்வளவு இறங்குகிறோம், குதிகால் எங்கே இருக்கிறது, மூச்சு ஓடுகிறதா, இந்த மூன்றையும் முதலில் சரிசெய்துவிட்டால் நேரம் தானாகக் கூடும்.

செய்வது என்னவோ சின்ன விஷயம்தான். முதுகைச் சுவரில் சாய்த்து, பாதங்களைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்து, இல்லாத நாற்காலியில் உட்காருகிற மாதிரி கீழே சறுக்கி, அப்படியே நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாததற்கு இப்படி நிற்க வைக்கப்பட்டவர்களுக்கு இதன் அருமை ஏற்கனவே தெரியும். தசை நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை, இருந்த இடத்திலேயே இழுத்துப் பிடித்து வேலை செய்கிறது. அதிக வேலை தொடையின் முன்பக்கம் இருக்கிற குவாட்ரிசெப்ஸ் என்ற நான்கு தசைகளுக்கு. பிட்டம், உள்தொடை, கெண்டைக்கால், வயிறு எல்லாம் கூட நின்று உதவுகின்றன. தொடையின் பின்பக்கத்துக்கு இதில் பெரிய வேலை இல்லை, அதை ஈடுகட்டுவது எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

சாதாரண பஸ்கி எடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றால், பஸ்கியில் உடம்பு முன்னால் சாய வேண்டும், கணுக்கால் நன்றாக மடங்க வேண்டும், விழாமல் சமநிலையும் பார்க்க வேண்டும். பல வருஷமாகத் தரையில் உட்காராதவர்களுக்கு இதில் ஏதாவது ஒன்று உதைக்கும். சுவரில் சாய்ந்துவிட்டால் சமநிலைக் கவலை போய்விடுகிறது, முதுகு நிமிர்ந்தே இருப்பதால் இடுப்புக்கும் பாரம் குறைவு. மிச்சமிருக்கிற வேலை முழுவதும் தொடைக்கு. அதனால்தான் பஸ்கி எடுக்க முடியாதவர்களும் இதைச் செய்ய முடிகிறது.

மதுரையில் இது யாருக்கு வேண்டும் என்று கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது விளக்குத்தூண் பக்கமும் தெற்குமாசி வீதியிலும் ஜவுளிக்கடைகளில் காலையில் ஏறி நின்றால் ராத்திரி ஷட்டர் இறக்கும்வரை நிற்கிற பிள்ளைகள். அடுத்து நாள் முழுக்க ஆட்டோவிலும் லாரியிலும் உட்கார்ந்தே இருக்கிற அண்ணன்மார்கள். நிற்பவருக்கும் உட்காருபவருக்கும் கடைசியில் ஒரே குறைதான்: முட்டியை மடக்கிப் பாரம் தாங்குகிற வேலை தொடைக்குக் கிடைப்பதே இல்லை. வீட்டில் சாப்பாட்டு மேஜை வந்தாச்சு, வெஸ்டர்ன் டாய்லெட் வந்தாச்சு, அம்மிக்கல் கொல்லையில் கிடக்கிறது. கீழக்குயில்குடி சமணர் மலைக்கோ திருப்பரங்குன்றம் மலைக்கோ ஏறிவிட்டு வந்தால் தெரிந்துவிடும். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போதுதான் தொடை தந்தி அடிக்கும்.

முதலில், யார் இதைத் தொடக் கூடாது

இதை வேகமாகப் படித்துவிட்டுத் தாண்டாதீர்கள். மருந்து சாப்பிட்டும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், நெஞ்சுவலி அல்லது இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. தசையை இறுக்கிப் பிடித்து நிற்கும் நேரத்தில் அழுத்தம் ஏறத்தான் செய்யும். மூச்சையும் அடக்கினால் இன்னும் எகிறும். சர்க்கரையால் விழித்திரை கெட்டு சிகிச்சை எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். முட்டி வீங்கியிருந்தால், மடக்கினால் மாட்டிக்கொண்டு நீட்ட வராமல் இருந்தால், முட்டியிலோ இடுப்பிலோ சமீபத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தால் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான். பிள்ளைத்தாய்ச்சிகள் தங்களைப் பார்க்கிற டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வேண்டாம்.

முட்டித் தேய்மானம் என்று சொல்லப்பட்டவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை, கவனியுங்கள். தொடைத் தசையைப் பலப்படுத்துவது தேய்மானத்துக்குச் சொல்லப்படுகிற முக்கியமான வைத்தியங்களில் ஒன்று. அவர்கள் செய்யலாம், ஆனால் ஆழமாக இறங்கக் கூடாது, அவ்வளவுதான்.

சுவரும் தரையும்

இதற்குக் காசு செலவே இல்லை என்பது உண்மை, அதற்காக எந்தச் சுவரானாலும் சரி என்று நினைக்க வேண்டாம். பழைய வீடுகளில் சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்ந்தால் முதுகு முழுக்க வெள்ளை ஒட்டும். வெளிப்பக்கம் சொரசொரப்பாகப் பூசிய சுவரில் சறுக்கினால் பனியன் நூல் நூலாகப் பிரியும். பெயின்ட் அடித்த, வழவழப்பான உட்சுவர்தான் சரி. கதவில் சாயவே சாயாதீர்கள், தாழ்ப்பாள் போட்டிருந்தாலும் வேண்டாம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரும் ஆகாது. உயரம் பத்தாது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கப் போகிறவர்கள் அங்கே உள்ள குட்டைச் சுவரில் சாய்ந்து செய்யலாமே என்பார்கள். தலை வரைக்கும் முதுகு சாய வேண்டும், அதனால் வீட்டுச் சுவரே மேல்.

சுவரைவிடத் தரைதான் முக்கியம். நாம் சாயும்போது சுவர் நம்மை முன்னால் தள்ளுகிறது, அந்தத் தள்ளலைத் தாங்குவது தரையில் பாதத்துக்கு இருக்கிற பிடிமானம் மட்டும்தான். பிடிமானம் போனால் கால் முன்னால் ஓடும், ஆள் பின்பக்கமாக உட்காருவார். ஆகையால் இப்போதுதான் மாப் போட்ட டைல்ஸ் மேல், பளபளவென்று இருக்கிற கிரானைட் மேல், சாக்ஸோடு, பாய் விரித்து, இப்படி எதுவும் கூடாது. காய்ந்த தரையில் வெறுங்கால், இல்லாவிட்டால் ரப்பர் அடி உள்ள ஷூ. வியர்க்கிற பாதமாக இருந்தால் துடைத்துவிட்டு நில்லுங்கள். சித்திரை, வைகாசியில் நம்ம ஊர் வெயிலுக்குச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு சறுக்க விடாது, அந்த மாதங்களில் வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

பாதம் வைக்கும் இடத்தை அளந்துகொள்ளுங்கள்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். "சுவரிலிருந்து இரண்டடி" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். ஐந்தடி உயரமுள்ள அம்மாவுக்கும் ஆறடி மகனுக்கும் ஒரே இரண்டடி எப்படிப் பொருந்தும்? உங்கள் தொடை எவ்வளவு நீளமோ அதுதான் உங்கள் அளவு.

தரையில் உட்காருங்கள். பிட்டமும் முதுகும் சுவரைத் தொட, கால் இரண்டையும் நேராக நீட்டுங்கள். முட்டியின் பின்பக்க மடிப்பு தரையில் எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. கோலப்பொடி வேண்டாம், பிறகு காலடியில் வழுக்கும். முழு ஆழத்துக்கு இறங்கும்போது குதிகால் அந்தக் கோட்டில் இருந்தால், முட்டி சரியாகக் கணுக்காலுக்கு நேர் மேலே வந்து நிற்கும். தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர்கள் வேறு மாதிரி அளக்கலாம். குதிகாலைச் சுவரில் ஒட்டி வைத்து, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை வைத்து அளந்தால் இரண்டு பாத நீளம் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வரும்.

ஆனால் முதல் சில வாரம் யாரும் முழு ஆழத்துக்குப் போகப் போவதில்லை. அரைகுறையாக இறங்கும்போது அந்தக் கோடு தூரமாகத் தெரியும், கால் முன்னால் வழுக்கப் பார்க்கும். அப்போதைக்கு ஒன்றரைப் பாத நீளம் போதும். ஆழம் கூடக்கூடக் குதிகாலைக் கோட்டை நோக்கி நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

இறங்குவது

இரண்டு மூன்று நிமிஷம் வீட்டுக்குள்ளேயே நடந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளுங்கள், இருந்த இடத்தில் முட்டியைத் தூக்கித் தூக்கி நடந்தாலும் சரி. நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது. அந்தப் பத்தே முடியவில்லை என்றால் சுவருக்கு அவசரப்படாதீர்கள், ஒரு வாரம் அந்த நாற்காலியோடேயே இருங்கள்.

அப்புறம் சுவரில் சாய்ந்து நின்று, பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வையுங்கள். விரல்கள் நேராக அல்லது ஒரு துளி வெளிப்பக்கம் பார்க்கலாம். தலையின் பின்பக்கம், தோள்பட்டை, பிட்டம் மூன்றும் சுவரைத் தொட வேண்டும். இடுப்புக்குப் பின்னால் கையை நுழைத்துப் பாருங்கள், கை தாராளமாகப் போனால் முதுகு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். தொப்புளைக் கொஞ்சம் உள்ளே இழுத்து அந்த இடைவெளியைக் குறையுங்கள். முழுவதும் அடைக்க வேண்டிய அவசியமில்லை.

மூச்சை இழுத்துக்கொண்டே மூன்று, நான்கு எண்ணுவதற்குள் மெதுவாகச் சறுக்குங்கள். தொப்பென்று விழுவது இறங்குவது ஆகாது. முதல் நாளில் ஒரு சாண் இறங்கினால் போதும், நிஜமாகவே போதும். நின்ற இடத்தில் கீழே பாருங்கள், கால் கட்டைவிரல் தெரிய வேண்டும். முட்டி அதை மறைத்தால் பாதம் சுவருக்கு ரொம்பக் கிட்டே இருக்கிறது. அப்படியே பாதத்தை நகர்த்தாதீர்கள், மேலே ஏறி, தள்ளி வைத்து, மறுபடி இறங்குங்கள்.

இப்போது பாரம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். குதிகாலும் பாதத்தின் நடுப்பகுதியும் தரையை அழுத்த வேண்டும். ஒரு சோதனை இருக்கிறது: நிற்கும்போதே பத்து விரலையும் தரையிலிருந்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். தூக்க முடிந்தால் சரி. முடியவில்லை என்றால் பாரம் முன்பாதத்தில் இருக்கிறது, அது நேராக முட்டியின் முன்பக்கத்துக்குப் போய்ச் சேரும். முட்டி இரண்டும் இரண்டாவது விரலின் திசையைப் பார்க்கட்டும். அலுப்பு ஏற ஏற முட்டிகள் உள்பக்கமாகச் சாய்ந்து ஒன்றையொன்று முட்டப் பார்க்கும், பெண்களுக்கு இது கொஞ்சம் அதிகம். ஒரு தலையணையை முட்டிகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டால் பாதை மாறாது, உள்தொடைக்கும் வேலை கிடைக்கும்.

கையைத் தொடையில் ஊன்றாதீர்கள். ஊன்றினால் தொடைக்குக் கிடைக்க வேண்டிய வேலையில் பாதியைக் கை வாங்கிக்கொள்ளும். நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொள்ளலாம், பக்கவாட்டில் தொங்க விடலாம், சுவரில் உள்ளங்கையைப் பதிக்கலாம். போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு நிற்பதும் வேண்டாம், தலை முன்னால் தொங்கும், கூடவே தோளும் சுவரை விட்டு வந்துவிடும். டைமர் வைக்க மட்டும் போன் போதும்.

எழும்போது குதிகாலால் தரையை அழுத்தி, மூச்சை விட்டுக்கொண்டே முதுகைச் சுவரில் தேய்த்தபடி மேலே வாருங்கள். பாதி வழியில் கால் கைவிட்டுவிட்டால் என்ன செய்வது? இதற்குத்தான் பெரியவர்களை நான் ஒரு உறுதியான மர ஸ்டூலைச் சுவரை ஒட்டி, பிட்டத்துக்கு நேர் கீழே போட்டுக்கொள்ளச் சொல்வது. முடியாவிட்டால் அதில் உட்கார்ந்துவிடலாம், தரை வரைக்கும் போய் அங்கிருந்து யாரையாவது கூப்பிட வேண்டியதில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல் நகரும், வேண்டாம். எங்கள் அப்பத்தா இந்த ஸ்டூல் ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு, "ஏப்பா, ஸ்டூல் போட்டாச்சுல்ல, உக்கார வேண்டியதுதான? எதுக்கு அதுக்கு மேல ஒரு சாண் அந்தரத்துல நிக்கணும்?" என்று கேட்டது. நியாயமான கேள்விதான். மூன்றாவது வாரத்தில் கட்டிலிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தபோது பதிலை அதுவே கண்டுபிடித்துக்கொண்டது.

மூச்சு

தனியாகச் சொல்ல வேண்டிய அளவுக்கு இது முக்கியம். இறுக்கிப் பிடிக்கிற எந்தப் பயிற்சியிலும் நம்மை அறியாமல் மூச்சு நின்றுவிடும். அதைத் தடுக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, வாய்விட்டு எண்ணுவது. ஒன்னு, ரெண்டு, மூணு என்று பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி எண்ணினால் மூச்சை அடக்கவே முடியாது. எண்ணிக்கை திக்கித் திக்கி வர ஆரம்பித்தால் அந்த ஆழம் உங்களுக்கு இன்றைக்கு அதிகம், இரண்டு விரற்கடை மேலே ஏறுங்கள். நேரம் மிச்சமிருந்தாலும் ஏறுங்கள்.

எந்த வலி சரி, எது சரியில்லை

தொடை நடுவில் கடுப்பு, எரிச்சல், அப்புறம் கால் உதறல், இதெல்லாம் வர வேண்டியவை. ஒரு தசைநார்க் கூட்டம் ஓய்ந்ததும் மூளை அடுத்த கூட்டத்தை வேலைக்கு இழுக்கிறது, அந்த மாற்றத்தில்தான் நடுக்கம் தெரிகிறது. பயப்பட ஒன்றுமில்லை. உதறல் ஆரம்பித்த பிறகு ஐந்தாறு எண்ணிவிட்டு எழுந்தால் போதும், கால் ஆடி ஆடி விழும்வரை நிற்பதில் பெருமை இல்லை.

முட்டிச்சில்லுக்குப் பின்னால் சுளீர் என்று குத்தினால் அது வேறு கதை. முட்டி மடங்க மடங்கச் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவில் அழுத்தம் கூடுகிறது, தொடை தரைக்கு இணையாக வருகிற ஆழத்தில் அது மிக அதிகம். குத்தல் வந்தால் மேலே ஏறுங்கள். குத்தல் நிற்கிற உயரம்தான் இப்போதைக்கு உங்கள் உயரம், அங்கேயே செய்தாலும் தசைக்குப் பலன் உண்டு. எந்த உயரத்திலும் குத்துகிறது என்றால் நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டிய ஆளிடம் காட்டுங்கள். தலைசுற்றல், நெஞ்சை அடைப்பது, பார்வை மங்குவது, இதில் எது வந்தாலும் அந்தக் கணமே உட்கார்ந்துவிட வேண்டும்.

முட்டியில் சொடக்குச் சத்தம் கேட்கிறது என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். வலியும் வீக்கமும் இல்லாத வெறும் சத்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

செய்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடையைத் தொட்டால் வலிக்கும், பஸ்ஸில் ஏறும்போது தெரியும். மூன்று நாளில் அடங்கிவிட வேண்டும். அதற்கு மேலும் நீடித்தால் முதல் நாளே அளவு மீறிவிட்டீர்கள்.

எவ்வளவு, எத்தனை நாள்

வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றுக்கு இடைஞ்சல் இல்லை.

முதல் இரண்டு வாரம் ஒரு சாண் ஆழம். அதாவது நின்ற நிலையிலிருந்து முட்டி 30 முதல் 45 டிகிரி வரை மடங்கினால் போதும். 15 நொடி நின்று, ஒரு நிமிஷம் ஓய்வெடுத்து, இப்படி நான்கு தடவை. இது ரொம்ப லேசாக இருக்கிறதே என்று தோன்றும், தோன்றட்டும். தசை சீக்கிரம் பழகிவிடும், தசைநாணும் மூட்டும் அதைவிட மெதுவாகத்தான் பழகும், அவற்றுக்காகத்தான் இந்தப் பொறுமை.

அடுத்த இரண்டு வாரம் அதே ஆழத்தில் 30 நொடிக்குப் போங்கள். அது எண்ணிக்கை திக்காமல் முடிந்தால் 60 டிகிரி மடக்கத்துக்கு இறங்கி, மறுபடி 15, 20 நொடியிலிருந்து தொடங்குங்கள். ஆழத்தையும் நேரத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள், அதுதான் இந்தத் திட்டத்தின் ஒரே கண்டிப்பான விதி. இரண்டாவது மாதம் முடியும்போது முட்டியில் வலியில்லாத ஆள் ஒருவர், தொடை தரைக்கு இணையாக 30 முதல் 45 நொடி, மூன்று தடவை என்ற இடத்துக்கு வந்துவிட முடியும். அதற்குக் கீழே, பிட்டம் முட்டியைவிடத் தாழ்கிற அளவுக்கு, யாரும் போக வேண்டியதில்லை.

ஒரு நிமிஷம் சுலபமாக நிற்க வந்துவிட்டதா? அதற்கு மேல் நேரத்தை நீட்டிக்கொண்டே போனால் தாக்குப்பிடிக்கும் சக்தி கூடும், பலம் அவ்வளவாகக் கூடாது. பலம் வேண்டுமென்றால் பாரத்தைக் கூட்ட வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

இன்னொரு விஷயம், ஜிம் பயிற்சியாளர்களிலேயே பலர் சொல்லாமல் விடுவது. அசையாமல் நிற்கிற பயிற்சியில் எந்தக் கோணத்தில் நிற்கிறோமோ அந்தக் கோணத்திலும் அதன் அக்கம்பக்கத்திலும்தான் பலம் அதிகமாக ஏறும். எப்போதும் ஒரே உயரத்தில் நின்றால் அந்த உயரத்துக்கு மட்டும் கால் கெட்டியாகும். ஆகையால் ஆழமாக இறங்கப் பழகிய பிறகும் மூன்று தடவையில் ஒன்றை மேலே, ஒன்றை நடுவில், ஒன்றைக் கீழே என்று மாற்றிச் செய்யுங்கள்.

ரத்த அழுத்தத்துக்காகச் செய்கிறவர்கள்

2023இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 270 ஆய்வுகள், 15,827 பேர். எந்த வகை உடற்பயிற்சி ஓய்வு நேர ரத்த அழுத்தத்தை எவ்வளவு குறைக்கிறது என்று ஒப்பிட்டார்கள். அசையாமல் இறுக்கிப் பிடிக்கிற வகைதான் முதலிடம்: மேல் அளவு சராசரியாக 8 புள்ளி, கீழ் அளவு 4 புள்ளி குறைந்திருந்தது. நடை, ஓட்டம் வகையில் மேல் அளவு நாலரைப் புள்ளி அளவில்தான் குறைந்தது. தனித்தனிப் பயிற்சிகளில், மேல் அளவைக் குறைப்பதில் வால் ஸ்குவாட்தான் முன்னால் நின்றது. அதன் பிறகுதான் இதற்கு இவ்வளவு பேச்சு.

இதைக் கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்துகிற ஆட்கள் நம் பக்கம் உண்டு என்பதால் சொல்கிறேன், மாத்திரையைத் தொடாதீர்கள், அது உங்களுக்கும் டாக்டருக்கும் நடுவில். நடையையும் விட வேண்டாம், நடைக்கு வேறு பலன்கள் இருக்கின்றன. டாக்டர் சரி என்றால், இதற்கென்று வழக்கமாகச் சொல்கிற முறை இதுதான்: இரண்டு நிமிஷம் வீதம் நான்கு தடவை, நடுவில் ஒன்று முதல் நான்கு நிமிஷம் வரை ஓய்வு, வாரத்துக்கு மூன்று நாள். இரண்டு நிமிஷம் என்றதும் மலைக்க வேண்டாம். தொடையைத் தரைக்கு இணையாக வைத்து இரண்டு நிமிஷம் நிற்கச் சொல்லவில்லை. இரண்டு நிமிஷமும் மூச்சோடு பேசிக்கொண்டே நிற்க முடிகிற உயரத்தை ஒவ்வொருவரும் கண்டுபிடிக்க வேண்டும், பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு சாணோ ஒன்றரைச் சாணோதான். ஆரம்பத்தில் அந்த உயரத்திலும் 30 நொடியிலிருந்து ஏறி வாருங்கள்.

அடுத்த கட்டம்

நிற்கப் பழகியதும் நான் முதலில் சேர்க்கச் சொல்வது சறுக்கல். நான்கு எண்ணி இறங்குவது, ஒரு மூச்சு நிற்பது, இரண்டு எண்ணி ஏறுவது, இப்படி எட்டு முதல் பன்னிரண்டு தடவை. மலைப்படி இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது, அசையாமல் நின்று பழகியதால் மட்டும் அந்தத் திறமை வந்துவிடாது. முதுகு சுவரில் உரசி எரிந்தால், காற்றடித்த பெரிய ஜிம் பந்து ஒன்றை இடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் வழவழவென்று ஓடும். பந்து இல்லையென்றால் வழுக்குகிற துணிச் சட்டை ஒன்று போதும்.

பாரம் சேர்க்க டம்பெல் வாங்க வேண்டியதில்லை. ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம், தண்ணீர் பாட்டில்களைக் கையில் பிடிக்கலாம். மடியில் பாரம் வைப்பதைவிட நெஞ்சோடு பிடிப்பது நல்லது, சறுக்கி விழாது. முழு ஆழத்தில் நின்றபடி குதிகாலை மாற்றி மாற்றித் தூக்கினால் கெண்டைக்காலுக்கும் வேலை வரும். ஒரு காலை நீட்டி மறுகாலில் மட்டும் நிற்பது கடைசிப் படி. அதற்கு அவசரமே வேண்டாம். இரண்டு காலில் ஒரு நிமிஷம் அசையாமல் நிற்க வந்த பிறகு, மறுபடி பழைய ஒரு சாண் உயரத்துக்கே ஏறி, காலுக்கு ஐந்து நொடி என்று தொடங்குங்கள். இடது வலது இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அப்போது தெரியும், பலவீனமான காலை முதலில் செய்யுங்கள்.

ஜல்லிக்கட்டுக்குத் தயாராகிற பையன்கள் இதைச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். செய்யலாம், தொடைக்கு நல்லது. ஆனால் திமிலைப் பிடித்து மாட்டோடு ஓடுகிற காலுக்கு வெடிப்பான வேகமும் திசை மாற்றமும் வேண்டும், சுவர் அதைக் கற்றுத் தராது. ஓட்டம், தாவல், மணலில் பயிற்சி எல்லாம் அவர்களுக்குத் தனியாக வேண்டும்.

ஆரம்பத்தில் சொன்ன பின்தொடைக் குறைக்கு வருகிறேன். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றி, இடுப்பை மட்டும் மேலே தூக்கி மூன்று எண்ணி இறக்குங்கள், பத்துப் பன்னிரண்டு தடவை. அதற்குப் பிறகு சுவரைப் பிடித்து நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது பதினைந்து தடவை. வால் ஸ்குவாட் நாளிலேயே இந்த இரண்டையும் சேர்த்துவிட்டால் இடுப்புக்குக் கீழே ஏதும் விட்டுப்போகாது, எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம்தான் ஆகும். முடித்ததும் சட்டென்று உட்காராமல் இரண்டு நிமிஷம் நடந்துவிட்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கணுக்காலைப் பின்னால் மடித்துப் பிடித்து, முன்தொடையைக் காலுக்கு 20 நொடி இழுத்துவிடுங்கள். முட்டி மடங்க மறுப்பவர்கள் இந்தக் கடைசி இழுப்பை விட்டுவிடலாம்.

விட்டுப்போன நாட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம்ம ஊரில் அது நடக்கத்தான் செய்யும். சித்திரைத் திருவிழா வந்தால் எதிர்சேவைக்கும் ஆற்றுக்கும் ராத்திரி பகலாக நடந்தும் நின்றும் கால் கழன்றுபோயிருக்கும், அந்த வாரம் சுவர்ப் பக்கமே போக வேண்டாம். ஒரு வாரம் விட்டால் விட்ட இடத்திலேயே தொடரலாம், ஒரு தடவை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டால் ஆழத்தில் ஒரு படி மேலே ஏறி, நேரத்தைப் பாதியாக்கித் தொடங்குங்கள், பழைய இடத்துக்கு முதல் தடவையைவிடச் சீக்கிரமே வந்துவிடலாம். காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள் மட்டும் முதல் வாரக் கணக்கிலிருந்து, ஸ்டூலோடு.